கவாத்து தவறிய தோட்டம்: நீலகிரியும் தொழில் நாகரிகத்தின் வீழ்ச்சி பற்றிய கேள்வியும்

1. கேள்வி

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஒரே ஒரு மாவட்டத்தில்தான் மக்கள் எண்ணிக்கை முந்தைய கணக்கைவிடக் குறைந்திருந்தது. 2001-இல் நீலகிரியில் 7,62,141 பேர் இருந்தார்கள். 2011-இல் 7,35,394 பேர். அதே பத்தாண்டில் மாநிலத்தின் மக்கள்தொகை 15 விழுக்காட்டுக்கு மேல் கூடியது. நீலகிரியில் போரில்லை, பஞ்சமில்லை, கொள்ளைநோயும் இல்லை. கோடைதோறும் சுற்றுலாப் பயணிகள் நெரிசலாக வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் மலையில் குடியிருந்தவர்கள் கோயம்புத்தூருக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போனார்கள்.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து எழுந்த இன்றைய தொழில் நாகரிகம் வீழ்ச்சியின் தொடக்கக் கட்டத்தில் இருக்கிறதா என்ற கேள்வி அரை நூற்றாண்டாக விவாதிக்கப்படுகிறது. ஆம் என்போரும் இல்லை என்போரும் பெரும்பாலும் உலக அளவிலான வளைகோடுகளை வைத்தே வாதாடுகிறார்கள். அந்த அளவில் நின்று பார்த்தால் ஒரு ஊரின் ஆலை மூடப்படுவதும் ஒரு பயிர் கைவிடப்படுவதும் கண்ணில் படுவதில்லை. நீலகிரி இதற்கு வசதியான ஆய்வுக் களம். 1819-இல் ஜான் சல்லிவன் மலையேறியதிலிருந்து கணக்கிட்டால் இங்கே தொழில் நாகரிகத்தின் முழு வரலாறும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் அடங்குகிறது. அதற்குள் பல தொழில்கள் முளைத்து, செழித்து, மடிந்திருக்கின்றன. அந்த மடிவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து எதையாவது சொல்கின்றனவா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வீழ்ச்சி என்று எதைச் சொல்வது?

அமெரிக்கத் தொல்லியலாளர் ஜோசப் டெய்ண்டர் 1988-இல் வெளியிட்ட நூலில் தெளிவான ஒரு வரையறை தந்தார். ஒரு சமூகம் எட்டியிருந்த சிக்கலான அமைப்பை, அதாவது அதன் அடுக்குகளையும் தொழிற் பிரிவுகளையும் நிர்வாக இணைப்புகளையும், சில பத்தாண்டுகளுக்குள் வேகமாக இழந்தால் அது வீழ்ச்சி. சமூகங்கள் சிக்கல்களைத் தீர்க்க மேலும் மேலும் அமைப்புகளை உருவாக்குகின்றன. தொடக்கத்தில் பலன் அதிகம். போகப் போகச் செலவு கூடிப் பலன் குறைகிறது. இதுவே அவருடைய விளக்கத்தின் சாரம். அதற்கு முன்பே, 1972-இல் வெளியான 'வளர்ச்சியின் எல்லைகள்' அறிக்கை, வளங்களும் மாசும் மக்கள்தொகையும் பின்னிய கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு, போக்கு மாறாவிட்டால் அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் சரிவு வரும் என்று எச்சரித்தது. ஜான் மைக்கேல் கிரியர் என்ற எழுத்தாளரின் கருத்து இன்னும் நுட்பமானது. கட்டியெழுப்பியதைப் பராமரிக்கும் செலவு ஒரு சமூகத்தின் சக்தியை மிஞ்சும்போது, அது தன் கட்டுமானத்தையே சிறிது சிறிதாகத் தின்று வாழத் தொடங்குகிறது. சரிவு படிப்படியாக இறங்குகிறது, நடுவே நீண்ட நிதானங்களும் உண்டு என்கிறார் அவர்.

இவற்றுக்கு எதிரான குரலும் வலுவானதே. பாட்ரிசியா மெக்கனானியும் நார்மன் யோஃபியும் 2009-இல் தொகுத்த கட்டுரைகள், வீழ்ந்தவை என்று நாம் பட்டியலிடும் சமூகங்களில் பலவற்றின் மக்கள் வேறு வடிவில் தொடர்ந்து வாழ்ந்தார்கள் என்று காட்டின. அரசு விழுந்தது, மக்கள் விழவில்லை.

இந்த வாதங்களிலிருந்து நீலகிரிக்குப் பொருத்திப் பார்க்கத்தக்க இரண்டு சோதனைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, இழந்ததற்கு ஈடாக வேறொன்று வருகிறதா? மற்றொன்று, இருப்பது பராமரிக்கப்படுகிறதா? ஒரு தொழில் மடிவதை மட்டும் வைத்து வீழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. தொழில் நாகரிகம் பிறந்த நாளிலிருந்து பழைய தொழில்களைக் கொன்று புதியவற்றைப் பெற்றுக்கொண்டேதான் வந்திருக்கிறது.

3. முந்தைய சரிவுகள்

மலை கண்ட முதல் பெரிய குலைவு தொழில் நாகரிகத்தின் வீழ்ச்சியால் வந்ததல்ல, அதன் வருகையால் வந்தது. தோடர் எருமைப் பாலும் நெய்யும் தர, கோத்தர் இரும்புக் கருவியும் மண்கலமும் செய்து சாவு வீட்டில் வாத்தியமும் வாசிக்க, படகர் தானியம் தர, குறும்பர் காட்டுப் பொருளோடு மாந்திரீகக் காப்பும் அளிக்க, நான்கு சமூகங்களும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வாங்கி வாழ்ந்தார்கள். மானிடவியலாளர் டேவிட் மண்டல்பாம் 1930-களின் இறுதியில் கோத்தர்களிடையே கள ஆய்வு செய்தபோது இந்த ஏற்பாடு கலைந்துகொண்டிருந்தது. கடையில் இரும்புக் கருவி கிடைத்தது. கூலியாகக் காசு கிடைத்தது. இந்தக் குலைவுக்கு மெக்கனானி, யோஃபி தரப்பின் வாதம் அப்படியே பொருந்துகிறது. ஏற்பாடு போய்விட்டது. ஆனால் தோடரின் மந்துகளும் கோத்தரின் ஊர்களும் படகரின் ஹட்டிகளும் இன்றும் இருக்கின்றன. அவற்றின் மக்களும் தங்கள் மொழிகளோடு இருக்கிறார்கள்.

அடுத்தது சிங்கோனா. கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தலைமையிலான முயற்சியில் 1860-ஐ ஒட்டித் தென்னமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரத்தை உதகைத் தாவரவியல் பூங்காவின் பொறுப்பாளர் மெக்ஐவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வளர்த்தார். நடுவட்டத்தில் அதன் பட்டையிலிருந்து கொயினா எடுக்கும் ஆலை எழுந்தது. அன்று மலேரியாவுக்குக் கொயினாவே மருந்து. அஞ்சல் நிலையங்களில் சிறு பொட்டலங்களாக விற்கப்பட்டது. ஜாவாத் தோட்டங்களின் போட்டியும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த செயற்கை மருந்துகளும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. உருளைக்கிழங்கின் கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. 1961-இல் நீலகிரி வயல்களில் தங்க நூற்புழு கண்டறியப்பட்டது. விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. கிழங்கு பயிரிட்ட படகர் பலர் தேயிலைக்கு மாறினார்கள்.

சிங்கோனா போனது, தேயிலை இருந்தது. கிழங்கு தளர்ந்தது, தேயிலை ஏற்றுக்கொண்டது. ஈடு கிடைத்தது என்பதால் இவை வீழ்ச்சி அல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் மலை தன் உணவிலிருந்து ஒரு படி விலகியது. ராகியும் சாமையும் விளைந்த சரிவில் கிழங்கு வந்தது, கிழங்கைத் தின்னலாம். கிழங்கு விளைந்த இடத்தில் தேயிலை வந்தது. தேயிலையை விற்றால்தான் அரிசி. அந்த அரிசி மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் ஏறி வருகிறது.

4. இருட்டில் இயங்கிய ஆலை

ஈடு கிடைக்காமல் போன முதல் பெரிய இழப்பு இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். மலையில் எல்லோருக்கும் அது எச்.பி.எஃப். 1960-இல் மத்திய அரசு நிறுவனமாகப் பதிவாகி, பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. குளிர்ந்த, தூசு குறைந்த காற்றுக்காகவே உதகை தேர்ந்தெடுக்கப்பட்டது. 'இந்து' என்ற பெயரில் எக்ஸ்ரே ஃபிலிமும் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் திரைப்படப் பிரதிச் சுருளும் அங்கிருந்து போயின. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு இந்து நகர் என்றே பெயர்.

ஃபிலிம் தயாரிப்பின் உயிர்நாடியான வேலை இருட்டில் நடப்பது. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பாலை மெல்லிய சுருள்மீது ஒரே சீராகப் பூச வேண்டும். ஒரு துளி வெளிச்சம் பட்டாலும் சுருள் வீண். நீண்ட கூடங்களில், கைக்கும் காதுக்கும் மட்டுமே தெரிந்த இயந்திரங்களோடு பழகிய தொழிலாளர்கள் ஒரு தலைமுறைக்கு மேல் இந்த வேலையைச் செய்தார்கள். உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளுக்கே கைவந்திருந்த தொழில் அது.

'டிஜிட்டல் வந்தது, ஃபிலிம் போனது' என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஆண்டுகளை வைத்துப் பார்த்தால் அது நிற்கவில்லை. நிறுவனம் நலிந்ததாக அறிவிக்கப்பட்டது 1996-இல். அன்று இந்தியாவில் டிஜிட்டல் கேமரா என்பது பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத பொருள். அமெரிக்காவின் கோடக் நிறுவனமே திவால் பாதுகாப்புக் கோரியது 2012-இல்தான். எச்.பி.எஃப்.-ஐ முதலில் அடித்தது 1991-க்குப் பின் குறைந்த விலையில் வந்திறங்கிய இறக்குமதிச் சரக்கு. பாலியஸ்டர் சுருளுக்கு மாறுவதற்காகக் கடன் வாங்கித் தொடங்கிய விரிவாக்கம் அடுத்த அடி. விரிவாக்கத்தின் பலன் வருவதற்குள் வட்டி ஏறிவிட்டது. டிஜிட்டல் வந்தபோது ஆலை ஏற்கெனவே படுக்கையில் கிடந்தது. விருப்ப ஓய்வுத் திட்டங்கள் வழியாகத் தொழிலாளர்கள் படிப்படியாக வெளியேற, ஆலை ஓய்ந்தது.

சிக்கலான அமைப்பின் மேல் மேலும் முதலீடு, அதற்குக் குறைந்துவரும் பலன் என்ற டெய்ண்டரின் விளக்கத்துக்கு இது பாடநூல் எடுத்துக்காட்டு போலத் தெரியலாம். எனக்கு அது அரைகுறைப் பொருத்தமாகவே படுகிறது. உலக அளவில் ஃபிலிம் செய்யும் திறன் அன்று குறையவில்லை. இடம் மாறியது, பிறகு வேறு தொழில்நுட்பத்துக்கு வழிவிட்டது. நாகரிகத்தின் கணக்கில் இது இழப்பே இல்லை. உதகையின் கணக்கில், உச்சத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு நிலையான சம்பளம் தந்த ஒரே பெருந்தொழிற்சாலை போனது. அதன் இடத்தில் இன்றுவரை அதற்கு நிகரான எதுவும் வரவில்லை. வந்தவை விடுதிகளும் வாடகைக் கார்களும் சாக்லேட் கடைகளும். ஒரு கணக்கில் மாற்றம், இன்னொரு கணக்கில் சரிவு. உலக வளைகோடுகளில் முதல் கணக்கு மட்டுமே தெரியும்.

5. பச்சைத் தேயிலை

ஒரு தொழில்மயப் பேரரசு உண்மையாகவே வீழ்ந்ததை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய வாடிக்கை அதுவே. 'ரஷ்யா போச்சு, தேயிலை போச்சு' என்பது ஹட்டிகளில் இன்றும் கேட்கும் பேச்சு. ஆனால் பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்த உச்சம் 1998-ஐ ஒட்டியது; விலை சரிந்தது அதற்குப் பிறகே. நடுவில் ஏழாண்டு இடைவெளி ஏன்? சோவியத்திடம் பட்ட கடனை இந்தியா ரஷ்யாவுக்கு ரூபாயில் திருப்பித் தரும் ஒப்பந்தம் 1993-இல் ஆனது. அந்த ரூபாய் இந்தியச் சரக்கு வாங்கவே செலவாக வேண்டும் என்பதால் தேயிலைக் கொள்முதல் தொடர்ந்தது. 1998 ஆகஸ்டில் ரூபிள் மதிப்பு விழுந்தது. கென்யா, இலங்கைத் தேயிலைகளின் போட்டியும் சேர்ந்துகொண்டது. மாஸ்கோவில் விழுந்த அமைப்பின் அதிர்வு கோத்தகிரிக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. வீழ்ச்சிக்குள் இருப்பவர்களுக்கே அது தெரியாமல் இருக்க முடியும் என்ற வாதத்துக்கு நான் அறிந்த வலுவான சான்று இது.

விலை விழுந்த பிறகு தோட்டத்தில் நடந்ததை அருகிலிருந்து பார்க்க வேண்டும். தேயிலை இயல்பில் ஒரு மரம். அதைக் கைக்கெட்டும் உயரத்தில் தட்டையான மட்டமாக நிறுத்திவைப்பது கவாத்து. நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். வெட்டிய செடி கொழுந்துக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வருமானம் இல்லை. விலை விழும்போது சிறு விவசாயி முதலில் தள்ளிப்போடுவது இந்தச் செலவைத்தான். முதல் ஆண்டில் எந்த வேறுபாடும் தெரியாது, சொல்லப்போனால் கைச்செலவு மிச்சம். அதன்பின் மட்டம் உயரும், கொழுந்து குறையும், கரட்டு இலை கூடும். ஆள் கிடைக்காததால் விரலால் பறித்த இடத்தில் கத்தரி வந்தது. கத்தரி இலையையும் காம்பையும் சேர்த்தே வெட்டுகிறது. தரம் குறைந்ததென்று ஆலை விலையைக் குறைக்கிறது. குறைந்த விலையில் அடுத்த கவாத்தும் தள்ளிப்போகிறது. முற்றிலும் கைவிட்ட தோட்டங்களில் செடி ஆளுயரம் தாண்டிப் புதராகிவிட, காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் அங்கே தங்குகின்றன. பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகவே மக்கள் அஞ்சுகிறார்கள்.

கிரியர் சொல்லும் செயல்முறை என் பார்வையில் இதுதான். அமைப்பு தன் சதையைத் தானே தின்கிறது. தின்னும் காலத்தில் பசி தெரிவதில்லை.

அரசு சும்மா இருக்கவில்லை. கூட்டுறவுத் தேயிலை ஆலைகளின் இணையமான இண்ட்கோசர்வ் 1965 முதல் இயங்குகிறது. நெருக்கடியின்போது ஊட்டி டீ ரேஷன் கடைகளில் விற்பனைக்கு வந்தது. மானியங்களும் அவ்வப்போது வந்தன. ஆனாலும் 2023-இல்கூடக் கிலோவுக்கு 30 ரூபாய்க்கு மேல் ஆதார விலை கேட்டு விவசாயிகள் உண்ணாநோன்பு இருந்தார்கள். நான்கு கிலோவுக்கு மேல் பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலைத்தூள். அதை உலர்த்த ஒரு கிலோவுக்கும் குறையாத விறகு. உழைப்பும் உரமும் விறகும் ஏறிக்கொண்டிருக்க, இலை விலை அந்த வேகத்தில் ஏறவில்லை.

அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டேன்டீயின் கதை இதைவிடக் கசப்பானது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை தருவதற்காக, 1968-இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, பின்னர் கழகமானது. ஒரு நூற்றாண்டு உழைத்த மண்ணிலிருந்து கையெழுத்தால் பெயர்க்கப்பட்டவர்களுக்கு மாநிலம் தந்த ஈடு அது. தொடர் நட்டத்தால் 2022-இல் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டங்களை வனத்துறைக்குத் திருப்பித் தர முடிவானது. காட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம். தோட்டக் குடியிருப்பான லைன் வீட்டில் பிறந்து லைன் வீட்டிலேயே ஓய்வு பெறும் தொழிலாளிக்கு, வேலையோடு கூரையும் போகும் என்ற அச்சம் அது.

6. எதிர்ச் சான்றுகள்

இத்தனையும் வீழ்ச்சியின் அறிகுறிகள் என்று முடித்துவிட்டால் மறுபக்கத்தை மறைத்தவனாவேன். 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையம்தான் கோவையின் பஞ்சாலைப் பெருக்கத்துக்கு விசை தந்தது. இன்றும் அந்த ஆற்றில் மின்சாரம் எடுக்கப்படுகிறது. கனடா உதவியோடு எழுந்த குந்தாவின் நிலையங்களும் இயங்குகின்றன. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் வந்த மலை ரயில் இன்னும் ஏறுகிறது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த எஞ்சின்கள் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய நீராவி எஞ்சின்களைக் கட்டித் தந்தது. நூறாண்டு பழைய தொழில்நுட்பத்தை மீண்டும் செய்துகாட்டும் சமூகம் திறனை இழந்த சமூகமல்ல.

மலேரியாவோ பட்டினியோ இன்று மலையைக் காலி செய்யவில்லை. ரேஷன் அரிசி ஒவ்வொரு ஹட்டிக்கும் லைனுக்கும் போகிறது. இறங்கிப் போனவர்களில் பலர் பிள்ளைகளின் படிப்புக்காகவே போனார்கள். அவர்களுடைய வாழ்க்கை முன்னேறியது. அவர்கள் விட்ட இடத்துக்கு ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். மக்கள்தொகைக் குறைவை மட்டும் காட்டி வீழ்ச்சி என்பது அவசர முடிவு.

ஆனாலும் இந்த எதிர்ச் சான்றுகளுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. பராமரிக்கப்படுபவை எல்லாம் சமவெளிக்கோ சுற்றுலாவுக்கோ பயன்படுபவை. ரயில் 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. எஞ்சின் செய்யப் பணம் கிடைத்தது. கவாத்துக்குப் பணம் கிடைக்கவில்லை. திறன் இருக்கிறது, அது யாருக்காகச் செலவாகிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

7. மலை பட்ட கடன்

தொழில்கள் போனாலும் அவை மண்ணில் விட்டுச்சென்றவை போகவில்லை. தோல் பதனிடச் சீகை (வாட்டில்) மரப் பட்டையும், ரேயானுக்குத் தைல மரக் கூழும் வேண்டும் என்பதற்காக நீலகிரியின் புல்வெளிகள் பரந்த அளவில் மரத்தோட்டங்களாயின. சிறுமுகையிலிருந்த விஸ்கோஸ் ஆலை பவானி ஆற்றைக் கெடுத்துவிட்டு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. சீகை நிற்கவில்லை, நட்ட எல்லையைத் தாண்டிப் புல்வெளியில் தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. சோலையும் புல்வெளியும் பஞ்சு போல மழையைப் பிடித்து மெல்ல விடுபவை. பைக்காராவும் குந்தாவும் அந்த நீரில்தான் சுழல்கின்றன.

மழையும் மாறியிருக்கிறது. 2009 நவம்பரில் தொடர்மழையால் நேர்ந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. 2024 ஜூலை 30-இல், எல்லைக்கு அப்பால் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணோடு போயின. உலகின் முதன்மை ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இன்னும் புதைபடிவ எரிபொருளிலிருந்தே வருகிறது. அதன் விலையின் ஒரு பகுதி இந்தச் சரிவுகளில் வசூலாகிறது.

நெரிசலுக்கு வைத்தியமாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வந்தது. வேலையிழந்த மலைக்கு எஞ்சிய முக்கியப் பிழைப்பு சுற்றுலா. அதையும் மலையால் தாங்க முடியவில்லை என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருக்கிறது.

8. மதிப்பீடு

நாகரிகம் முழுவதும் வீழ்ச்சியின் தொடக்கத்தில் இருக்கிறது என்பதை நீலகிரியின் சான்று நிறுவாது. டெய்ண்டர் கேட்கும் வேகமான சிக்கலிழப்பு இங்கே இல்லை. அரசும் மின்சாரமும் மருத்துவமும் பள்ளியும் இருக்கின்றன. ஆனால் என் இரண்டு சோதனைகளிலும் மலை ஒரே திசையில் சாய்கிறது. 1990-கள் வரை ஒவ்வொரு இழப்புக்கும் ஈடு கிடைத்தது; எச்.பி.எஃப்.-க்கும் தேயிலைச் சரிவுக்கும் பின் கிடைக்கவில்லை. பராமரிப்போ, வருமானம் தருகிறவற்றுக்குச் சுருங்கிவிட்டது. சரிவு என்று ஒன்று இருந்தால் அது விளிம்பில் தொடங்குகிறது. மையத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வேறொரு துறையின் வளர்ச்சியாகவே தெரியும் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முடிவு.

இதைத் திருப்ப முடியுமா என்பதற்குச் சோதனைக் களம் ஏற்கெனவே திறந்திருக்கிறது. சீகையையும் உண்ணிச்செடியையும் அகற்றிச் சோலையையும் புல்வெளியையும் மீட்பது 2022 முதல் மாநிலத்தின் கொள்கை. முதுமலையில் வெட்டப்படும் மஞ்சள் கொன்றை என்ற அயல் மரம் காகித ஆலைக்குக் கூழ் மரமாகப் போகிறது. ஆனால் வெட்டிய இடத்தில் சீகை மறுபடி முளைக்கும். நாற்றைப் பிடுங்கவும் புல் நடவும் ஆண்டுக்கணக்கில் ஆள் வேண்டும். அதில் விற்பனைக்கு வரும் பொருள் எதுவும் இல்லை. டேன்டீ திருப்பித் தரும் தோட்டங்களில் கவாத்துக் கத்தி பிடித்த கைகள் வேலையின்றி நிற்கின்றன. அந்தக் கைகளுக்கு இந்த வேலையை நிரந்தரச் சம்பளத்தோடு மாநிலம் தருமா, அல்லது ஒப்பந்தக்காரர் ஒரு பருவம் வெட்டிவிட்டுப் போவதோடு முடிந்துவிடுமா என்பது அடுத்த சில நிதிநிலை அறிக்கைகளில் தெரிந்துவிடும்.